உச்சியில் சிக்னல் உண்டு

பார்த்து வா என்று போட்டிருக்கிறார் தவமணி மாமா. அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா, பயப்பட வேண்டாம், பார்த்து வா. அவ்வளவுதான். காலையில் ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது, நேற்று ராத்திரி அனுப்பிய இந்தச் செய்தி வந்து விழுந்தது, கோடு போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன், போகவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன், போகவில்லை. மேட்டின் அந்தப் பக்கம் ஓடினேன், இந்தப் பக்கம் ஓடினேன், குதித்துக்கூடப் பார்த்தேன், நாற்பத்தொரு வயதில், கிர்கிஸ்தானில், குதிரைகள் வேடிக்கை பார்க்க. நான் தங்கியிருந்த கூடார வீட்டுக்கார அம்மா குல்நாரா, ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டு ரொட்டியைத் துண்டில் சுற்றிக் கையில் திணித்தாள். பிறகு தன் கையைக் காதில் வைத்துக் காட்டி எதிரே இருந்த மலையின் தலையைக் காட்டினாள். உச்சியில் சிக்னல் உண்டு. அதற்காகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன். கூடாரமும் அடுப்பும் துணிமணியும் பின்சக்கரத்தின் இருபக்கமும் தொங்குகின்றன, இருப்பதிலேயே சின்ன கியரில் போட்டும் சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது, பக்கத்தில் ஒரு ஆடு என்னைவிட வேகமாக ஏறிப் போகிறது. கொஞ்சம் சீரியஸ். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம்? கொஞ்சம் சீரியஸ் என்றால் எதற்கு உடனே கிளம்ப வேண்டும்? உடனே கிளம்ப வேண்டும் என்றால் எதற்குப் பார்த்து வர வேண்டும்? ஒருவரிச் செய்தியில் மனுஷன் ஏன் இத்தனை ஆறுதல் சொல்கிறார்? பயப்பட வேண்டாம் என்று சொன்னால்தான் எனக்குப் பயமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

தெரியும், தெரிந்துதான் போட்டிருக்கிறார், அதுதான் விஷயமே. எங்கள் பக்கம் வெளியூரில் இருப்பவனுக்கு யாரும் சாவைச் சொல்வதில்லை. சீரியஸ் என்று சொல்லித்தான் வரவழைப்பார்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அவன் இடிந்துபோய் உட்கார்ந்துவிடக் கூடாது என்ற கரிசனம்தான். தெருமுனை திரும்பும்போது பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்து அவனே தெரிந்துகொள்வான், அதற்குள் தாங்கிப் பிடிக்க நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். அப்பா போனபோது நான் புனேயில் இருந்தேன். அண்ணன்தான் கூப்பிட்டான். அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்டா, கிளம்பி வா, என்றான், சோறு ஆறிடும் வா என்கிற மாதிரி சாதாரணக் குரலில். நானும் நம்பினேன். நம்பி ரயிலில் பிரெட் ஆம்லெட் வாங்கித் தின்றேன், பக்கத்து சீட்டுக்காரரோடு சீட்டு ஆடினேன், ஜெயித்தேன். தெருமுனையில் நாற்காலிகளைப் பார்த்ததும் வந்த முதல் கோபம் சாவின் மேல் இல்லை, அண்ணன் மேல். ஏண்ணே சொல்லல, என்று சட்டையைப் பிடித்தேன். சொன்னா சாப்பிட்டிருப்பியா, பட்டினியால்ல வந்து சேர்ந்திருப்ப, என்றான். பிடித்த சட்டையை விட்டுவிட்டேன். அப்போதே முடிவு செய்தேன், இனி எவனாவது சீரியஸ் என்றால் ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்வது. ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உண்மையிலேயே சீரியஸாக இருந்தால் என்ன சொல்வார்கள்? அதையும் சீரியஸ் என்றுதானே சொல்வார்கள்? பெரியப்பாவுக்கு சீரியஸ் என்று கேள்விப்பட்டு விருதுநகர் அத்தை கையில் ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை மாலையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள், அது என்ன மறைகிற சாமானா? அதற்கப்புறம் அவர் நெடுங்காலம் இருந்தார், அத்தையோடு மட்டும் பேசவில்லை. ஆக, இருக்கவும் இருக்கலாம். அம்மா இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, இட்லியில் உப்பு இல்லை என்று நர்ஸோடு மல்லுக்கு நிற்கலாம்.

மூச்சு வாங்குகிறது. இங்கே காற்று குறைவு, பேசக்கூடப் போதாது, நினைக்க அது வேண்டாம் போலிருக்கிறது, நினைப்பு மட்டும் எந்த மேட்டிலும் சளைக்காமல் ஓடுகிறது. முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் டொக் என்கிறது. ஜல்லி, மண், மறுபடி ஜல்லி. ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்தால் தலைக்கு மேலே இன்னொன்று தெரிகிறது. எண்ணக் கூடாது என்று வைத்திருக்கிறேன். கீழே ஏரி ஒரு பெரிய நீலத் தட்டாகக் கிடக்கிறது. நேற்றுக் காலையில் அந்த ஏரிக்கரை மேட்டில் ஒருமுறை சிக்னல் வந்தபோது ஏரியின் படத்தை அனுப்பியிருந்தேன், அண்ணன் உடனே, இது ஏரியா கடலா, என்று கேட்டிருந்தான். சைக்கிள்ல போறதுக்கு ப்ளேன்ல எதுக்குடா போற, என்று கேட்டாள் அம்மா, நான் சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது. நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல ரோடு இல்லையா, அருப்புக்கோட்டை ரோட்டுக்கு என்ன கேடு, அங்கன யாரு உனக்கு சோறு போடுவா, குதிரைக்கறி திங்கிற ஊராமே, தவமணி சொன்னான். நான் பெட்டிக்குக் கயிறு சுற்றினேன். என்ன சொல்லியிருக்க முடியும்? பம்பு கம்பெனியில் பதினைந்து வருஷமாக ஒரே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்றா? கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவனுக்குச் சொந்தமாக ஒரு பைத்தியக்காரத்தனமாவது வேண்டும் என்றா? அண்ணன்தான் கடையிலிருந்து சாப்பிட வந்தவன், கை கழுவிக்கொண்டே, விடும்மா, இதையாவது பண்ணட்டும், நாம பாக்காததை அவனாவது பாத்துட்டு வரட்டும், என்றான். அம்மா என்னைப் பார்க்காமல் அட்டைப்பெட்டியைப் பார்த்து, பத்திரமா வந்து சேருற வழியைப் பாரு, என்றாள். அவளுக்கு நான் கிளம்புவதில் இஷ்டமே இல்லை. நான் கிளம்பியதால் இப்படி ஆகியிருக்குமோ? சர்க்கரை ஏறியிருக்கும், கவலையில் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சே, என்ன நினைப்பு இது, சர்க்கரைக்கு என்ன தெரியும் நான் எந்த ஊரில் சைக்கிள் மிதிக்கிறேன் என்று?

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். அப்பாவுக்கு அண்ணன் வைத்தான். அம்மாவுக்கு நான். அது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும், ஏதோ பரிசுப் பொருளைப் பங்கு பிரித்த மாதிரி நானும் அண்ணனும் அதைப் பேசியிருக்கிறோம், கேட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினாள். அதனால்தான் வரச் சொல்கிறார்கள். நான் போகாமல் எடுக்க முடியாது. ஐஸ்பெட்டி வாடகைக்கு வந்திருக்கும், கண்ணாடி மூடிக்குள்ளே அம்மா, குளிர் ஆகாத அம்மா, மார்கழியில் ஃபேனைப் போட்டால் சண்டைக்கு வருகிற அம்மா. பெட்டியின் மோட்டார் சத்தம் போடும். ஒரு பம்புக்காரனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், பேரிங் தேய்ந்த சத்தம், எல்லா ஐஸ்பெட்டியிலும் பேரிங் தேய்ந்துதான் இருக்கும், யார் வந்து குறை சொல்லப் போகிறார்கள். இந்த மலையிலிருந்து இறங்கி, பக்கத்து ஊருக்குப் போய், அங்கிருந்து வண்டி பிடித்துத் தலைநகர் பிஷ்கெக், பிஷ்கெக்கிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மதுரை. சைக்கிளை என்ன செய்வது? பார், பார், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, புத்தி சைக்கிளைக் கழற்ற அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிறது. மொட்டை போட்டால் இந்த ஹெல்மெட் தொளதொளவென்று ஆடுமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது? அதை நினைத்த தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன், ஹெல்மெட் மேல், வலிக்கவும் இல்லை. உண்மையில் அம்மா இல்லை என்று நான் இன்னும் நம்பவே இல்லை. நம்பியிருந்தால் இப்படி ஜோக்கடித்துக்கொண்டு மிதிக்க முடியுமா? அல்லது நம்பிவிட்டதால்தான் முடிகிறதா? காது இரைகிறது. ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மிதித்தேன்.

பின்னால் லாரிச் சத்தம். ஒதுங்கி நின்றேன். வைக்கோல் ஏற்றிய பழைய நீல லாரி, என்னைத் தாண்டிப் போய், நின்று, கொஞ்சம் பின்னால் உருண்டு வந்தது. டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்ட பெரிய மனிதர், தங்கப்பல். இந்தியா, என்றார், கேள்வியாகக்கூட இல்லை. ஆமாம் என்றேன். தன் நெஞ்சைத் தட்டி, பக்கித், என்று பெயர் சொன்னார். அரைகுறை இங்கிலீஷ், அதில் நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டது இவ்வளவு.

“ஏறு. சைக்கிள் மேலே. நான் தூக்குறேன்.”

“வேண்டாம், பக்கித்.”

“மழை வருது, பார். மேலே ரொம்பக் காத்து. சிகரெட் ஒண்ணு பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள உச்சி வந்துரும்.”

“வேண்டாம். சைக்கிள்ல வரேன்.”

“ஏன்? போட்டியா?”

போட்டி இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், சைக்கிளில் தொங்கும் மூட்டைகளைப் பார்த்தார். இவனுக்குக் கிறுக்கு என்று அவர் பாஷையில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொல்லியிருப்பார். காய்ந்த பாற்கட்டி உருண்டைகள் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். புழுதி அடங்குகிறவரை நின்றேன். பிறகுதான் உறைத்தது நான் என்ன செய்தேன் என்று. உடனே கிளம்பி வா என்று வந்திருக்கிறது. ஒரு சிகரெட் நேரத்தில் உச்சி, உச்சியில் சிக்னல், ஒரு போன், எல்லாம் தெரிந்துபோகும். அதனால்தான் ஏறவில்லை. எனக்குத் தெரிய வேண்டாம். இந்த வளைவில் அம்மா இருக்கிறாள், அடுத்த வளைவிலும் இருப்பாள், நான் மெதுவாக மிதிக்கிறவரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. லாரியில் ஏறியிருந்தால் நானே போய் அவளை முடித்துவிட்டு வந்த மாதிரி ஆகியிருக்கும். இது என்ன நியாயம் என்று கேட்டால் நியாயம் இல்லைதான். ஒருவேளை உண்மையாகவே உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்து, சின்னவன் எங்கே, சின்னவன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தால்? காதில் போனை வைத்தாலாவது என் குரலைக் கேட்டுக் கண்ணை மூடுவாளே? ஐயோ, லாரியை விட்டுவிட்டேனே. ஏய் பக்கித், என்று கத்தினேன். லாரி நாலு வளைவுக்கு மேலே போய்விட்டது. கத்தியதில் இருமல்தான் வந்தது.

இறங்கித் தள்ள ஆரம்பித்தேன், பிறகு ஏறி மிதித்தேன், தள்ளுவது வேகமா மிதிப்பது வேகமா என்று தெரியவில்லை, மாற்றி மாற்றிச் செய்தேன். மழை வந்தேவிட்டது, மழையில்லை, வெள்ளை வெள்ளையாகக் குருணை மாதிரிப் பனிக்கற்கள், ஹெல்மெட்டில் தடதடவென்று விழுந்தன. அண்ணன் ஏன் செய்தி போடவில்லை? இது காலையிலிருந்து இடறிக்கொண்டே இருக்கிறது, தாண்டித் தாண்டிப் போகிறேன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதையும் சொல்வது தங்கவேல் அண்ணன்தான். சொந்தத்தில் யார் செத்தாலும் வெளியூர்க்காரர்களுக்கு சீரியஸ் சொல்லும் பொறுப்பு அவனுடையது, அவன் குரல் அப்படி, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உடையாமல் எடுத்து உடையாமல் வைத்துப் பழகிய ஆள். மாமாவுக்கு அந்த லாவகம் கிடையாது, அதனால்தான் பயப்பட வேண்டாம் அது இது என்று கொட்டி வைத்திருக்கிறார். அண்ணன் ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருப்பான். ஆம்புலன்ஸில் கூடவே ஏறியிருப்பான். இல்லையென்றால் அழுதுகொண்டிருப்பான், அப்பாவுக்கு அழாதவன் அம்மாவுக்கு அழுவான், அழுகிறவனிடம் போனைக் கொடுத்து தம்பிக்குச் செய்தி அடி என்றா சொல்வார்கள்? மதினிதான் மாமாவிடம் சொல்லியிருப்பாள், நீங்களே போட்டுருங்க சித்தப்பா, இவுக முடியாம உட்கார்ந்திருக்காக, என்று. மதினி மாமாவை மாமா என்றுதானே கூப்பிடுவாள், எங்கிருந்து வந்தார் சித்தப்பா? குளிரில் மூளை உறைகிறது. சரி, அண்ணன் அழுதுகொண்டிருக்கிறான் என்றால் அம்மா இல்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. அம்மா இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், அம்மா இல்லை, அம்மா இல்லை, ஒவ்வொரு மிதிக்கும் ஒன்று. சொல்லச் சொல்ல அது அர்த்தம் இல்லாத சத்தமாக ஆனது, பிறகு திடீரென்று அர்த்தம் வந்தது, அப்போது அழுதேன். நன்றாக அழுதேன். மலையில் யாரும் இல்லை, மூக்கைச் சிந்தி எறியலாம், ஓவென்று கத்தலாம். அழுது முடித்தபோது ஒரு தெளிவு வந்தது. போவேன், குளிப்பேன், கொள்ளி வைப்பேன். அண்ணன் பக்கத்தில் நிற்பான், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுப்பான், அவன் ஒருமுறை செய்தவன்தானே. அவன் இருக்கும்போது எனக்கு என்ன பயம்?

உச்சி என்று தனியாக ஒன்றும் இல்லை, மிதித்துக்கொண்டே இருந்தபோது சக்கரம் தானாக ஓட ஆரம்பித்தது, அதுதான் உச்சி. இரண்டு பக்கமும் பள்ளம், காற்று ஆளைச் சாய்க்கிறது, கம்பியொன்றில் வழிப்போக்கர்கள் வேண்டிக்கொண்டு முடிச்சுப் போட்ட துணிகள் படபடக்கின்றன. கல் மழை நின்றுவிட்டது. சைக்கிளைத் தரையில் போட்டேன். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். விரல் விறைத்துப்போய் போன் முதலில் என்னைக் கண்டுகொள்ளவில்லை, வாயால் ஊதிச் சூடேற்றி மறுபடி அழுத்தினேன். இரண்டு கோடு. மூன்று. செய்திகள் சடசடவென்று வந்து விழ ஆரம்பித்தன, கிணுங் கிணுங் என்று நிற்காமல், இத்தனை பேர் எனக்குச் செய்தி அனுப்ப ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். எதையும் திறக்கவில்லை. யாரையாவது கூப்பிட்டால் சீரியஸ் என்பார்கள். அண்ணனைத்தான் கேட்க வேண்டும், அண்ணன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன். அண்ணன் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. அங்கேயும் பகல்தான், எங்கள் வீட்டில் எல்லாரும் விழித்திருக்கிற நேரம். எடுத்தார்கள். யாரோ மூச்சு விட்டார்கள்.

“அலோ. தங்கவேல் போனு. யாரு?”

அம்மா. அம்மாவின் குரல். கொஞ்சம் கம்மியிருந்தது, ஆனால் அம்மா. என் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

“அம்மா! ஏம்மா, நல்லாருக்கியா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்மா, மாமா உனக்கு சீரியஸ்னு போட்டுட்டாரு. அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது. அண்ணன்கிட்ட குடு, அவன் நாலு கேள்வி கேக்கட்டும்.” பேசப் பேச இன்னும் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை, கண்ணீரும் வந்தது. “சொல்லும்மா, உனக்கு ஒண்ணும் இல்லையே?”

அம்மாவுக்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கிற இரைச்சல். ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம், சீராக இல்லாமல் கரகரவென்று.

“எனக்கென்னய்யா,” என்றாள் அம்மா. “நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

மாமாவின் குரல் கிட்டே வந்தது. “யக்கா, யாரு அது, ரத்தினமா? போனை இங்க குடு. சொல்லிறாத, அவன் ரோட்டுல நிக்கான்.”

“என் பேரைச் சொல்லியாடா அவனைக் கூப்பிட்ட, தவமணி?” அம்மா அவரைத்தான் கேட்டாள், ஆனால் போன் அவள் காதிலேயே இருந்தது. “நெசமாவே நான் போயிருக்கக் கூடாதாடா?” பிறகு என்னிடம் திரும்பினாள். “ரத்தினம். அண்ணன் போயிட்டான்யா. நேத்து கடையில உட்கார்ந்தவன் எந்திரிக்கல.”

போனை யாரோ வாங்கினார்கள். மாப்ள, மாப்ள, கேக்குதா, அங்கனயே உட்காரு, பக்கத்துல யாராவது இருக்காகளா, என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது. எல்லாம் நன்றாகவே கேட்டது, மூன்று கோடு சிக்னல். பெற்ற பிள்ளையைக் கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் போனை எடுத்ததும், நான் சிரித்தேன். அவள் அதை முழுவதும் கேட்டாள்.